எர்த் ஒயர் எத்தனை தடிமன்? அறிகுறியை வைத்துக் கோளாறு கண்டுபிடிப்பது

எர்த் என்று ஒரே சொல்லால் சொல்லிவிட்டாலும் அதில் மூன்று துண்டுகள் இருக்கின்றன. பிளக் பாயின்டிலிருந்து டிபி பாக்ஸ் (மின்சாரத்தை அறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வரை ஓடும் பச்சை ஒயர் ஒன்று. டிபியின் எர்த் பாரிலிருந்து (எல்லா எர்த் ஒயர்களும் சேரும் பட்டை) வெளியே குழிக்குப் போகும் மெயின் எர்த் கம்பி இரண்டாவது. மண்ணுக்குள் நிற்கும் பைப் அல்லது பிளேட் மூன்றாவது. கோளாறு பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும். அது எது என்று பார்க்காமல் "கம்பியைக் கொஞ்சம் தடிமனாப் போடு" என்று செலவழிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. குழியின் தடை 20 ஓமாக இருக்கும்போது ஒயரை 2.5-லிருந்து 6 சதுர மில்லிமீட்டருக்கு ஏற்றினால் ஒன்றும் மாறாது. குழி அருமையாக இருந்தும் ஒயர் 1 சதுர மி.மீ. என்றால் குழிக்குச் செய்த செலவு வீண்.

கீழே வரும் கணக்குகள் தமிழ்நாட்டு வீடுகளையும் சின்னப் பட்டறைகளையும் மனத்தில் வைத்தவை. அளவுகள் எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 3043 சொல்கிறபடி (1987-இல் வந்தது, 2018-இல் திருத்தப்பட்டது). மூடியைக் கழற்றும் முன் மெயினை அணைத்து, அணைந்ததை மீட்டரில் உறுதி செய்துகொள்ள வேண்டும். உயிரோடு இருக்கும் லைனில் செய்யும் சோதனைகள் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனுக்கு மட்டும்.

பிரிட்ஜைத் தொட்டால் சுருசுருவென்கிறது

ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும்போது மட்டும் தெரிகிறது, செருப்புப் போட்டால் இல்லை என்றால், எர்த் எங்கோ அறுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின் போன்றவற்றில் ஃபேஸுக்கும் உடலுக்கும் இடையே ஒன்று, நியூட்ரலுக்கும் உடலுக்கும் இடையே ஒன்று என்று சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் அறுந்தால் உடல் பாதி வோல்டேஜில், ஏறத்தாழ 115 வோல்ட்டில், மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால்தான் சுருசுருவோடு நிற்கிறது. ஆனால் அதே சாதனத்தில் நாளைக்கு ஹீட்டர் காயில் உடலைத் தொட்டால் அது சுருசுருவோடு நிற்காது.

சாதனத்தைப் பிடுங்கிவிட்டு பாயின்டில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ஃபேஸ்–நியூட்ரல் 230 காட்டினால் ஃபேஸ்–எர்த்தும் ஏறக்குறைய அதையே காட்ட வேண்டும். நியூட்ரல்–எர்த் சில வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஃபேஸ்–எர்த் 60, 110 என்று நிலையில்லாமல் ஆடினால் எர்த் அறுந்திருக்கிறது. ஒழுங்காக 230 காட்டினாலும் நிம்மதி வேண்டாம். மல்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகமிகச் சின்னது. நடுவில் 5,000 ஓம் தடை உட்கார்ந்திருந்தாலும் அது 230 என்றே காட்டும்.

நம்பக்கூடிய சோதனை தொடர்ச்சி பார்ப்பது. மெயினை அணைத்துவிட்டு, எர்த் பாரிலிருந்து ஒரு நீள ஒயரை இழுத்து வந்து பாயின்டின் எர்த் ஓட்டைக்கும் அதற்கும் இடையே ஓம் பாருங்கள். இழுத்து வந்த ஒயரின் தடையைக் கழித்துவிடுங்கள். 1.5 சதுர மி.மீ. செம்பு மீட்டருக்குச் சுமார் 12 மில்லிஓம். 20 மீட்டர் ஓட்டம் என்றால் 0.24 ஓம் வர வேண்டும். 4 ஓம், 7 ஓம் என்று வந்தால் ஒயரின் தடிமன் காரணமல்ல, இணைப்பு தளர்ந்திருக்கிறது. எர்த்தை ஒரு பாயின்டின் ஸ்க்ரூவிலிருந்து அடுத்த பாயின்டுக்கு என்று சங்கிலியாக ஓட்டியிருப்பார்கள். முதல் பாயின்டில் ஸ்க்ரூ நழுவினால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாம் போய்விடும். பாக்ஸுக்குள் முறுக்கி, லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) வைத்தோ கனெக்டர் வைத்தோ இணைத்து, ஒவ்வொரு பாயின்டுக்கும் ஒரு வால் விடுவதே சரி.

ஒரு சாதனத்தில் மட்டும் இல்லாமல் வீட்டில் எதைத் தொட்டாலும் அடிக்கிறதா? அப்போது குழியோ மெயின் எர்த் கம்பியோ அறுந்திருக்கிறது. எர்த் பார் எல்லா உடல்களையும் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பதால், ஒரே ஒரு கெய்சரின் கசிவு பிரிட்ஜ், கிரைண்டர், இரும்புக் கதவோடு இருக்கும் சுவிட்ச் பாக்ஸ் என எல்லா இடத்துக்கும் பரவிவிடும். பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதை எடுத்ததும் அடங்குகிறது என்று பாருங்கள். அதைச் சரிசெய்வது பாதி வேலை. அறுந்த கம்பியைத் தேடுவது மீதி.

உடலில் கரண்ட் வந்தும் எம்.சி.பி. விழவில்லை

இது எம்.சி.பி.யின் (அதிக மின்னோட்டம் ஓடினால் தானே விழும் சுவிட்ச்) பழுதல்ல. கம்பத்திலிருந்து ஃபேஸும் நியூட்ரலும் மட்டும் வர, எர்த்தை வீட்டுக்காரரே குழி தோண்டி அமைத்துக்கொள்ளும் முறையில் (இதை டி.டி. முறை என்பார்கள்) பழுது மின்னோட்டம் மண் வழியாகத்தான் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்ப வேண்டும். உங்கள் குழி 5 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலின் எர்த் 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 7-ஆல் வகுத்தால் 33 ஆம்பியர். 16 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 33-க்கு அது சூடாகி விழ ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம். 32 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் அந்த 33 அதற்கு ஒரு பொருட்டே அல்ல. அதுவரை சாதனத்தின் உடலில் 33 × 5 = 165 வோல்ட் நிற்கும்.

ஒயரை எவ்வளவு தடித்தாலும் 7 ஓம் 6.9 ஆகும், அவ்வளவுதான். 160 ஆம்பியர் வர வேண்டுமென்றால் மண்ணையும் சேர்த்து மொத்தத் தடை 1.4 ஓமுக்குள் வர வேண்டும். வீட்டுக் குழியில் அது நடக்காது. இங்கே விடை 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசியும் மின்னோட்டத்தைக் கண்டு லைனைத் துண்டிக்கும் கருவி) ஒன்றுதான். உடலில் 50 வோல்ட்டுக்கு மேல் ஏறாமலிருக்க அதற்குத் தேவையான குழித் தடை 50 ÷ 0.03, அதாவது சுமார் 1,660 ஓம் இருந்தாலே போதும். அதற்காகக் குழியை அலட்சியமாக விடலாம் என்று பொருளல்ல. ஆர்.சி.சி.பி. ஒருநாள் ஒட்டிக்கொண்டால் பிறகு நம்மிடம் இருப்பது குழி மட்டும்தான்.

ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டன் எர்த் ஒயரைச் சோதிப்பதில்லை. அது உள்ளுக்குள்ளேயே ஒரு தடை வழியாகச் செயற்கைக் கசிவை உண்டாக்குகிறது. வீட்டில் எர்த்தே இல்லாவிட்டாலும் பட்டனை அழுத்தினால் விழும். "பட்டன் வேலை செய்யுதே, எர்த் நல்லா இருக்கு" என்று சொல்பவர்கள் ஏராளம்.

பச்சை ஒயர் வெந்து, உரை உருகிப்போயிருக்கிறது

இதுதான் உண்மையான அளவுக் கோளாறு. வீடு முழுக்க ஒரே 1 சதுர மி.மீ. பச்சை ஒயரை ஓட்டிவிடும் பழக்கத்தால் வருவது. ஏ.சி.க்கு 4 சதுர மி.மீ. ஃபேஸ் போட்டுவிட்டு அருகிலேயே 1 போட்டிருப்பார்கள். "எர்த்துல கரண்டா போகப் போகுது?" என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். போகாத நாளில் எந்த ஒயரும் போதும்தான்.

ஃபேஸும் எர்த்தும் ஒரே உலோகமாக இருந்தால் அட்டவணை எளிது. ஃபேஸ் 16 சதுர மி.மீ. வரை எர்த்தும் அதே அளவு. 16-க்கு மேல் 35 வரை எர்த் 16. 35-க்கு மேல் ஃபேஸில் பாதி. ஆக லைட் சர்க்யூட்டில் 1.5-க்கு 1.5, பவர் பாயின்டில் 2.5-க்கு 2.5, ஏ.சி.க்கும் கெய்சருக்கும் 4-க்கு 4. ஒரே பைப்பில் பல சர்க்யூட்டுகள் ஓடி எர்த் பொதுவானது என்றால், அவற்றில் பெரிய ஃபேஸுக்கு உரிய அளவு. எர்த் ஒயர் கேபிளுக்குள்ளோ ஃபேஸ் ஓடும் பைப்புக்குள்ளோ சேராமல் தனியாக ஓடினால் பைப் போன்ற பாதுகாப்பு இருக்கும்போது 2.5-க்கும், வெறுமனே ஓடும்போது 4-க்கும் குறையக் கூடாது. இது சூட்டுக்காக அல்ல, அறுபடாமலிருக்க.

கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: பழுது மின்னோட்டத்தை நேரத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, உலோகத்துக்குரிய எண்ணால் வகுத்தால் சதுர மி.மீ. கிடைக்கும். பி.வி.சி. உரையோடு கேபிளுக்குள் இருக்கும் செம்புக்கு அந்த எண் 115. உரையில்லாத வெறும் செம்புக்கு 205, அலுமினியத்துக்கு 126, ஜி.ஐ.க்கு (துத்தநாகம் பூசிய இரும்பு) 80. சொந்த டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பட்டறையில் 1,500 ஆம்பியர் பழுது என்று வைப்போம். எம்.சி.பி. 0.02 விநாடியில் விழுந்தால் 1,500 × 0.141 ÷ 115 = 1.84. எனவே 2.5 போதும். அதே மின்னோட்டத்தை ஒரு மெதுவான ஃபியூஸ் 0.1 விநாடி ஓட விட்டால் 1,500 × 0.316 ÷ 115 = 4.1. இப்போது 6 வேண்டும். ஃபியூஸில் கனத்த கம்பியைச் சுற்றுகிறவர் தெரியாமலே எர்த் ஒயரின் அளவையும் போதாததாக்கிவிடுகிறார்.

இந்தச் சூத்திரம் 5 விநாடிக்கு மேல் செல்லாது. மேலே சொன்ன 33 ஆம்பியர் கதையில் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் அது நிமிடக் கணக்கில் ஓடும். 1 சதுர மி.மீ. ஒயர் அதைத் தாங்காது. வீடுகளில் உரை வெந்து கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பெரிய ஷார்ட் சர்க்யூட் தேவையே இல்லை.

மாற்றும்போது வெந்த ஒயரை மட்டும் எடுக்காமல் அது பிடித்திருந்த ஸ்க்ரூக்களையும் பாருங்கள். சூட்டில் பித்தளை கறுத்திருந்தால் அந்தப் பாயின்டையே மாற்றிவிடுங்கள்.

பழுதே இல்லை, ஆனால் மெயின் எர்த் கம்பி சூடாக இருக்கிறது

கிளாம்ப் மீட்டரை எர்த் கம்பியைச் சுற்றி மாட்டுங்கள். கம்ப்யூட்டர் வகையறாக் கசிவால் சில பத்து மில்லிஆம்பியர் காட்டுவது இயல்பு. ஆம்பியர் கணக்கில் ஓடினால் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் கலந்திருக்கின்றன. டபுள் போல் மெயினை அணையுங்கள். அணைத்ததும் மின்னோட்டம் போய்விட்டால் கலப்பு உங்கள் வீட்டுக்குள். அணைத்தும் ஓடினால் மீட்டர் பக்கத்தில் யாரோ நியூட்ரலை எர்த்தோடு சேர்த்திருக்கிறார்கள், தெருவின் நியூட்ரல் அறுந்து மற்றவர் மின்னோட்டமும் உங்கள் குழி வழியாகத் திரும்புகிறது. அந்த நேரம் எர்த் கம்பியைக் கழற்றக் கூடாது. கழற்றிய இரண்டு முனைகளுக்கு இடையே முழு வோல்டேஜும் நிற்கக்கூடும். மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

நியூட்ரல் போனால் "எர்த்துல போட்டு ஓட்டு" என்பது இன்னும் ஒழியாத பழக்கம். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியின் தடை சுமார் 53 ஓம். குழி 10, டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் 2. 230-ஐ 65-ஆல் வகுத்தால் 3.5 ஆம்பியர். அது 10 ஓம் குழியில் 35 வோல்ட்டை உண்டாக்கும். அந்த 35 வோல்ட் வீட்டில் எர்த் கட்டிய எல்லா உடல்களிலும் இருக்கும். கோடையில் குழி காய்ந்து 40 ஓம் ஆனால் 97 வோல்ட்.

தூரத்து மோட்டாரில் பழுது, பிரேக்கர் விழத் தாமதிக்கிறது

சொந்த டிரான்ஸ்ஃபார்மரும் தனி எர்த் கம்பியும் உள்ள பட்டறைகளில் பார்க்க வேண்டிய கோளாறு இது. சூட்டுக் கணக்கு மட்டும் போட்டவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள்.

பேனலிலிருந்து 80 மீட்டரில் ஒரு 10 ஹெச்.பி. மோட்டார். 6 சதுர மி.மீ. செம்பு கேபிள், 32 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. எர்த்துக்கு எல்லாரும் வாங்கும் 8 நம்பர் ஜி.ஐ. கம்பி. 8 நம்பர் என்றால் 4.06 மி.மீ. விட்டம், 13 சதுர மி.மீ. பரப்பு. கையில் பிடித்தால் 6 சதுர மி.மீ. செம்பைவிடத் தாட்டியாகத் தெரியும். ஆனால் இரும்பின் தடை செம்பைப்போல் எட்டு மடங்கு. தடையை வைத்துப் பார்த்தால் அந்தக் கம்பி ஒன்றரைச் சதுர மி.மீ. செம்புக்குச் சமம்.

ஃபேஸ் ஒயர் 80 மீட்டருக்கு 0.25 ஓம். ஜி.ஐ. கம்பி 0.85 ஓம். மொத்தம் 1.1. பழுது வந்தால் 209 ஆம்பியர். 32 ஆம்பியர் சி வகை உடனே விழுவதற்கு உறுதியான மின்னோட்டம் 320. 209-இல் அது விழலாம், சில விநாடிகள் நிற்கலாம். ஜி.ஐ. கம்பி கருகாது. 5 விநாடி ஓடினாலும் சூட்டுக் கணக்கு 5.8 சதுர மி.மீ. என்றுதான் கேட்கிறது, நம்மிடம் 13 இருக்கிறது. ஆனால் அந்த விநாடிகளில் மோட்டார் உடலில் நிற்கும் வோல்டேஜ் 209 × 0.85, அதாவது 178. கம்பி பிழைத்துக்கொள்ளும், மோட்டாரில் கை வைத்தவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

எர்த்தையும் 6 சதுர மி.மீ. செம்பாக்கினால் மொத்தம் 0.49 ஓம், 465 ஆம்பியருக்கு மேல். எம்.சி.பி. கண்ணிமைக்கும் முன் விழும். செம்பு கட்டுப்படியாகாது என்றால் 25 × 3 ஜி.ஐ. பட்டை. 75 சதுர மி.மீ., 80 மீட்டருக்கு 0.15 ஓம், 570–580 ஆம்பியர். பழுதின்போது ஒயர் சூடாகித் தடை ஏறும் என்பதால் இந்த எண்களில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தும் பாருங்கள். அப்போதும் 320-க்கு மேல் நிற்கிறது. மோட்டார் ஸ்டார்ட்டிங்குக்காக யாராவது சி-யை எடுத்துவிட்டு டி வகையை (உடனே விழ இன்னும் அதிக மின்னோட்டம் கேட்பது) மாட்டியிருந்தால் தேவை 640. அப்போது செம்பும் போதாது, பட்டையும் போதாது. எர்த் லீக்கேஜ் ரிலேயோ ஆர்.சி.சி.பி.யோ சேர்த்தே ஆக வேண்டும்.

எர்த் கம்பி ஃபேஸ் கேபிளை ஒட்டியே ஓட வேண்டும். கேபிள் ஒரு சுவரிலும் எர்த் எதிர்ச் சுவரிலும் போனால் இரண்டுக்கும் நடுவிலுள்ள அகலம் இன்னும் தடையைக் கூட்டும். மூன்று ஃபேஸ் மோட்டாரின் உடலில் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்புகள் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே போல்ட்டில் முறுக்கினால் அது இரண்டல்ல. பெயின்டைச் சுரண்டாமல் வாஷரை இறுக்கியதும் இணைப்பாகாது. ஆர்மர்ட் கேபிளின் ஆர்மரையே (கேபிளைச் சுற்றியுள்ள இரும்பு உறை) எர்த்தாக நம்பியிருந்தால் அதை இரு முனைகளிலும் பிடித்திருக்கும் கிளாண்டுகளையும் திருகிப் பாருங்கள். ஒன்று தளர்ந்திருந்தால் 80 மீட்டர் ஆர்மரும் அலங்காரம்தான். மூன்றரைக் கோர் கேபிளின் அரைக் கோர் நியூட்ரலுக்கானது, அதை எர்த்தாக்க வேண்டாம்.

மழைக்காலத்தில் சரி, சித்திரையில் மோசம்

இது குழியின் கோளாறு. மண்ணின் தன்தடை 50 ஓம்-மீட்டர் இருக்கும் இடத்தில் 3 மீட்டர் நீள, 40 மி.மீ. பைப் ஒன்று சுமார் 15 ஓம் தரும். ஈரக் களிமண்ணில் 10 ஓம்-மீட்டர் என்றால் 3 ஓம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறை நிலத்தில் 500-ஐத் தாண்டினால் அதே பைப் 150 ஓம். பைப்பின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் தடை எட்டில் ஒரு பங்குகூடச் சரியாகக் குறையாது. நீளத்தை இரண்டு மடங்காக்கினால் 15 ஓம் 8.5 ஆகிறது. ஆகவே பணத்தை ஆழத்தில் போடுங்கள். இறங்க முடியாத பாறை என்றால் இரண்டாவது குழி. இரண்டுக்கும் நடுவே குறைந்தது பைப் நீளம் அளவு, முடிந்தால் அதைப்போல் இரு மடங்கு இடைவெளி. ஒட்டிப் போட்ட இரண்டு குழிகள் ஒன்றரைக் குழிக்குக்கூடச் சமமாகாது.

உப்பும் கரியும் போட்டால் தடை இறங்குவது உண்மை. மழையில் உப்பு கரைந்து போவதும், இருக்கும்வரை ஜி.ஐ. பைப்பை அரிப்பதும் உண்மை. நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் நிலத்தடி நீரே உப்பு. அங்கே உப்பு போடுவது வீண் வேலை, பென்டோனைட் களிமண் நிரப்புவது மேல்.

அளக்கும்போது மெயினை அணைத்து, குழியின் லிங்க்கைக் கழற்றி, குழியை மட்டும் தனியாக அளக்க வேண்டும். எர்த் டெஸ்டரின் மின்னோட்ட முளையைக் குழியிலிருந்து சுமார் 30 மீட்டரிலும், வோல்டேஜ் முளையை அதில் 62 விழுக்காட்டுத் தூரத்திலும் அடியுங்கள். நடு முளையை இரண்டு மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி மூன்று முறை பாருங்கள். மூன்றும் ஒட்டி வந்தால் அளவை நம்பலாம்.

அளவு நன்றாக இருந்தும் வீட்டில் எர்த் இல்லையென்றால் தரைமட்டத்தில் கம்பியைத் தோண்டிப் பாருங்கள். மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த ஒரு சாண் இடத்தில்தான் 8 நம்பர் கம்பி துருப்பிடித்துப் பென்சில் முனைபோல் மெலிந்து அறும். வீட்டின் பழுது மின்னோட்டத்துக்கு 13 சதுர மி.மீ. ஜி.ஐ. தாராளம், துருவுக்குத்தான் போதாது. அரிப்புக்குப் பாதுகாப்பில்லாமல் மண்ணுக்குள் போகும் இரும்புக்குக் குறைந்தது 50 சதுர மி.மீ., செம்புக்கு 25 வேண்டும் என்பது இதற்காகத்தான். கடைசித் துண்டை மட்டுமாவது 25 × 3 பட்டையாக்கி, மண்ணிலிருந்து வெளியே வரும் இடத்தில் தார் பூசிவிடுங்கள். செம்புக் கம்பியை ஜி.ஐ. பைப்பில் நேரே சுற்றக் கூடாது. துத்தநாகம் போன பிறகு இரும்பு போகும். ஈயம் பூசிய லக், கிளாம்ப், போல்ட் என்று போக வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மர் யார்டில் 25 × 3 போதுமா என்ற சந்தேகம்

250 கே.வி.ஏ., 433 வோல்ட், 4.5 விழுக்காடு இம்பீடன்ஸ் (டிரான்ஸ்ஃபார்மரின் உள்தடை). முழுச் சுமை 333 ஆம்பியர். அதை 0.045-ஆல் வகுத்தால் 7,400 ஆம்பியர். ஒரு விநாடிக்கு ஜி.ஐ.க்கு 7,400 ÷ 80 = 92.5 சதுர மி.மீ. 25 × 3 வெறும் 75, போதாது. 25 × 6 போட வேண்டும், அரிப்புக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். செம்பு என்றால் 7,400 ÷ 205 = 36, அங்கே 25 × 3 தாராளம்.

ஆர்.சி.சி.பி. மாட்டியதிலிருந்து நிற்கவே மாட்டேன் என்கிறது

எல்லா எம்.சி.பி.களையும் இறக்கிவிட்டு, ஒவ்வொன்றாக ஏற்றி எப்போது விழுகிறது என்று பாருங்கள். குறிப்பிட்ட ஒரு சர்க்யூட்டை ஏற்றினால் மட்டும் விழுந்தால் அந்தச் சர்க்யூட்டின் ஒயரைக் கழற்றி 500 வோல்ட் மெகரில் (ஒயர் உரையின் காப்புத் தடையை அளக்கும் கருவி) பாருங்கள். ஃபேஸ்–எர்த் ஒரு மெகாஓமுக்கு மேல் இருந்தும் விழுகிறது என்றால் நியூட்ரல்–எர்த்தை அளந்து பாருங்கள். பெரும்பாலும் பூஜ்யம் காட்டும். எங்கோ ஒரு பாக்ஸில் நியூட்ரல் எர்த்தைத் தொட்டிருக்கிறது. பூஜ்யம் காட்டாவிட்டால் பக்கத்துச் சர்க்யூட்டின் நியூட்ரலைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். இரண்டு வழி சுவிட்ச் உள்ள மாடிப்படி லைட்டில் முதலில் தேடுங்கள். கடன் வாங்கிய நியூட்ரல் அங்கேதான் அதிகம் அகப்படும்.